அச்சேறாத நாற்பத்தொரு பேர்

மலையூர் ஆரம்ப சுகாதார நிலையம். மேசைக்குப் பின்னால் டாக்டர் ராதிகா. ஜன்னலோர ஸ்டூலில் நர்ஸ் ஜாஸ்மின். கர்ப்பிணிகளுக்குச் சாமைக்கஞ்சி காய்ச்சும் பாவாயி, பெஞ்சு காலியாக இருந்தும் மருந்துப் பெட்டிமேல்தான் உட்கார்ந்தாள். புள்ளிவிவரம் எழுதும் இமானுவேல் பீரோவை ஒட்டி நின்றிருந்தார், உட்காரத் தோன்றவில்லை. அது 2001, ஐப்பசி மாதம்.

மேலிடத்துத் தாளை டாக்டர் வாசித்து முடித்தார். பதினாறு ஊர்களின் ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டிருந்தார்கள். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையே போதும் என்று முடிவு. தை பிறந்தால் வாழவந்தி நாட்டு மலைக்கிராமங்களில் கஞ்சி கிடையாது.

"ஏனுங்க டாக்டரம்மா, அந்தப் பதினாறுல எங்க மலை இருக்குதுங்களா?" என்றாள் பாவாயி.

"இல்லம்மா. ஒரு ஊர்ல முப்பது பேரு, நாப்பது பேருதான். அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. எல்லாத்தையும் சேத்தாத்தான் உண்மை தெரியும்."

"அப்ப அந்த ஊருக்காரிங்க முழுங்குனா எம்புள்ளைக்கு ரத்தம் ஊறிருமுங்களா?"

ஜாஸ்மின் சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டாள். பாவாயியின் மகள் அத்தாயிக்கு ஐந்தாம் மாதம். போன பிரசவத்தில் பிழைத்ததே பெரிது.

டாக்டர் சொன்னது தப்பில்லை என்று இமானுவேலுக்குத் தெரியும். சின்னக் கணக்கு ஆளை ஏமாற்றும். பலதைச் சேர்த்தால் அந்த ஏமாற்று தேய்ந்துபோகும். ஆனால் அவர்கள் சேர்த்தது அச்சில் வந்தவற்றை மட்டும். நான்கு வருஷத்துக்கு முன் இங்கேயும் நாற்பத்தொரு பேருக்கு மாத்திரை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் வயிற்றில் விழுங்கி வாந்தி எடுத்தார்கள். ரத்தம் ஏறவே இல்லை. கஞ்சி தொடங்கியதே அதற்குப் பிறகுதான். மருத்துவப் பத்திரிகைக்கு அனுப்பலாமா என்று அப்போதைய டாக்டர் கேட்டதற்கு, "பலனே இல்லீங்க சார், எதை அச்சடிக்க?" என்று சொல்லித் தாள்களைக் கட்டாகக் கட்டிப் பீரோமேல் வைத்தவர் இமானுவேல்தான். மற்ற ஊர்ப் பீரோக்களின் மேல் இப்படி எத்தனை கட்டுகளோ.

மத்தியானத்துக்குள் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதி முடித்தார். வயது, மாதம், முதல் ரத்த அளவு, கடைசி ரத்த அளவு, நாற்பத்தொரு வரிகள். அனுப்பாமல் விட்டது தன் பிழை என்று அடியில் தனியாக ஒரு வரி.

டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "அச்சுல வராததை எடுக்க மாட்டாங்க இமானுவேல். எடுத்தாலும் ஐநூறு அறுநூறு பேருல நாப்பத்தொண்ணு எந்த மூலைக்கு?"

"தெரியுங்க மேடம்."

உறையை ஒட்டி, ஓரத்தைக் கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்தினார். வாசலோரத் தபால்பெட்டிக்கு நடந்தார். தபால்காரர் காலையிலேயே அதைத் திறந்து கடிதங்களை எடுத்துப் போயிருந்தார். இமானுவேல் உறையைப் போட்டதும் அடித்தகரத்தில் அது விழும் சத்தம் கேட்டது. உள்ளே வேறு கடிதம் ஒன்றுமில்லை.