எல்லை தாண்டிய எட்டு கிலோ

இங்குனும் நானும் நோர்வேயின் மோஸ் நகரில் ஒரே பல் மருத்துவமனையில் வேலை செய்கிறோம். அவள் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து நேரம் குறித்துக் கொடுப்பவள். நான் பல் சுத்தம் செய்பவள். இந்தக் கதையை மே மாதம் முழுக்க மதிய இடைவேளைகளில் அவள் வாயால் துண்டு துண்டாகக் கேட்டேன். எத்தனை முறை சொன்னாலும் அவளுக்குக் கோபம் புதிதாகவே வந்தது.

அவள் புருஷன் எஸ்கிலுக்கு, கார்களை ஏற்றிக்கொண்டு எதிர்க்கரையிலுள்ள ஹோர்டனுக்குப் போய்வரும் படகில் வேலை. பிள்ளைகள் இருவர். கால்பந்து ஆடிவிட்டு வந்து, ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து நின்றபடியே அரை ரொட்டியைத் தின்று தீர்க்கிற வயது. வீட்டுக் கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டே போனதால், சாப்பாட்டுச் செலவு மாதம் ஒன்பதாயிரம் குரோனரைத் தாண்டக் கூடாது என்று ஜனவரியில் இங்குன் முடிவு செய்தாள். அதற்கென்று தனிக் கணக்கு, தனி கார்டு. ஒன்றாம் தேதி பணம் விழும். அது தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

ஜனவரியில் இருபத்து நான்காம் தேதி தீர்ந்தது. பிப்ரவரியில் இருபத்திரண்டு. மார்ச்சில் கொஞ்சம் தேவலை. ஏப்ரலில் ஈஸ்டர் வந்து பத்தொன்பதாம் தேதியே கவிழ்த்துவிட்டது. ஆட்டுக்கறியும் ஆரஞ்சும் சாக்லேட்டும் போக, அந்த மாதக் கணக்கில் பதினோரு இடங்களில் படகு உணவகத்தின் பெயர் இருந்ததை அவள் கவனித்தாள்.

"எஸ்கில், இது என்ன?"

"அது அப்பம். படகுல சூடா போடுவாங்கல்ல, அது."

"உணவு கார்டுலயா?"

"அதுவும் சாப்பாடுதானே?"

அவள் கார்டைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

எஸ்கிலின் அக்கா தோரில் இந்தக் கட்டத்தில்தான் உள்ளே நுழைந்தாள். இரண்டு தெரு தள்ளி வீடு. மாதம் ஒருமுறை காரை எடுத்துக்கொண்டு ஸ்வீடன் எல்லையைத் தாண்டி, அங்கே மலிவாகக் கிடைக்கும் இறைச்சியை வாரிக்கொண்டு வருபவள். அவள் நிலவறையில் இருக்கிற ஃப்ரீசரில் ஒரு ஆள் தாராளமாகப் படுக்கலாம். மே இருபத்து நான்காம் தேதி அவள் மகள் யூனிக்குத் தேவாலயத்தில் உறுதிப்பூசுதல், பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குச் செய்யும் சடங்கு. முப்பத்து நான்கு பேருக்கு விருந்து.

"சனிக்கிழமை என்கூட வாடி. இங்க ஒரு கிலோ வாங்குற காசுல அங்க ரெண்டு கிலோ வரும். உனக்குத்தான் எண்ணத் தெரியுமே, எண்ணிப் பாரு."

"பெட்ரோல், சுங்கச்சாவடி எல்லாம்?"

"என் கார்லதானே வர்றே? பாதி குடு, போதும்."

இங்குனுக்கு விருப்பமில்லை. ஆனால் நான்கு மாதம் தோற்றவளுக்கு ஐந்தாவது மாதம் எதையாவது மாற்றிப் பார்க்கத் தோன்றும். இறைச்சி, சீஸ், துணி சோப்பு என்று ஒரு பட்டியல் எழுதினாள். ஆயிரத்து நானூறு குரோனருக்கு மேல் போகாது என்று கீழே கோடு போட்டாள்.

மே முதல் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினார்கள். எல்லையிலுள்ள ஸ்வீனெசுண்ட் பாலத்தில் ஏறுவதற்கு முன்பே கார்கள் வரிசை கட்டி நின்றன. எல்லாம் நோர்வே கார்கள்தான். கடைக்குள் தள்ளுவண்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. நாளை உலகம் முடியப்போகிறது, அதற்குள் பன்றி இறைச்சி வாங்கிவிட வேண்டும் என்பதுபோல ஒவ்வொருவர் முகத்திலும் ஒரு வெறி.

"நான் அமைதியாத்தான் போனேன்," என்றாள் இங்குன் என்னிடம். "பட்டியல் கையில இருந்துச்சு. எங்க தப்பு நடந்துச்சுன்னு இன்னைக்கும் எனக்குப் புரியலை."

தப்பு நடந்த இடம் பன்றிக் கழுத்து இறைச்சி வைத்திருந்த பெட்டி. இரண்டரைக் கிலோத் துண்டு ஒன்று வாங்கினால் இரண்டாவது பாதி விலை. பட்டியலில் அது இல்லவே இல்லை.

"எடுடி! இதை விட்டுட்டுப் போனா நஷ்டம் உனக்குத்தான்!" என்றாள் தோரில்.

வாங்காத பொருளால் எப்படி நஷ்டம் வரும் என்று இங்குன் யோசித்துக்கொண்டிருந்தபோதே கை இரண்டு துண்டுகளை எடுத்து வண்டியில் வைத்துவிட்டது. பிறகு இரண்டு கிலோ கொத்துக்கறி, ஒரு கிலோ பேக்கன். பிறகு, எடை போட்டு வாங்கும் மிட்டாய்க்கடை. பிள்ளைகளுக்கு ஒரு கைப்பிடி என்று ஆரம்பித்தது ஒன்றரைக் கிலோவில் நின்றது. மொத்தம் இரண்டாயிரத்து எண்ணூற்று அறுபது. ரசீதை நான்காக மடித்துப் பணப்பையில் வைத்தாள். தோரில் தன் ரசீதைக் கடை வாசல் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

"அதைப் பாத்தா எனக்கு மனசு கெட்டுப்போகும்," என்றாளாம்.

திரும்பும் வழியில்தான் இங்குனுக்குச் சந்தேகம் வந்தது. வரி கட்டாமல் ஆளுக்குப் பத்து கிலோ இறைச்சிதான் கொண்டுவரலாம். இது இங்கே குழந்தைக்கும் தெரியும்.

"தோரில், உன்னுது எத்தனை கிலோ?"

"பத்தொம்போது இருக்கும்."

"என்னுது எட்டு. மொத்தம் இருபத்தேழு ஆகுது!"

"நீ எட்டு கிலோ வாங்குவேன்னு எனக்கு எப்படித் தெரியும்? உன் பங்கும் எனக்குத்தான்னு நெனச்சேன்."

"என்னைக் கேட்டியா?"

"உன் வீட்டு ஃபிரிட்ஜ்ல மூணு இழுப்பறைதான் இருக்கு. நீ எங்க வைக்கப்போறேன்னு நெனச்சேன்."

"சரி, சுங்கத்துல சிவப்பு வழியில போய்ச் சொல்லிடு. வரியைக் கட்டிட்டுப் போயிடலாம்."

"சிவப்பு வழியில போறவங்க ஏமாளிங்க. இருபது வருஷமா பச்சையிலதான் போறேன். ஒரு நாயும் நிறுத்தினதில்லை."

நாய் நிறுத்தவில்லை. இளம்பெண் ஒருத்தி நிறுத்தினாள். சுங்கச் சீருடை, பின்னலிட்ட தலைமுடி, மிகவும் பணிவான குரல். பின்கதவைத் திறக்கச் சொன்னாள். பைகள் எல்லாம் கொட்டகைக்குள் போய், துருப்பிடிக்காத எஃகு மேசைமேல் வரிசையாக உட்கார்ந்தன. ஒவ்வொன்றும் தராசில் ஏறி இறங்கியது.

"ஏழு கிலோ அதிகமா இருக்கு. சொல்லாம பச்சை வழியில வந்திருக்கீங்க. அந்த ஏழு கிலோவை இங்கேயே விட்டுடணும். அபராதமும் உண்டு," என்றாள் அந்தப் பெண்.

தோரில் யோசிக்கவே இல்லை. இங்குனின் கழுத்து இறைச்சித் துண்டுகள் இரண்டையும், அவளுடைய கொத்துக்கறி இரண்டு கிலோவையும் மேசையின் ஓரத்துக்குத் தள்ளினாள்.

"இந்தாங்க, ஏழு கிலோ."

"அது என்னுது!" என்றாள் இங்குன்.

"எல்லாம் ஒரே கார்ல வந்ததுதானே? என் மாட்டிறைச்சி விருந்துக்கு. உன்னுது சும்மா சாப்பிடத்தானே?"

சும்மா சாப்பிட. இங்குன் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லும்போது இப்போதும் கையிலிருக்கிற ரொட்டியைக் கீழே வைத்துவிடுவாள்.

"யாரு எதை வாங்கினீங்கன்னு காட்ட முடியுமா?" என்று அதிகாரி கேட்டாள். இங்குன் நான்காக மடித்த ரசீதை எடுத்து நீட்டினாள். எட்டு கிலோ, வரிவரியாக. தோரிலிடம் காட்ட ஒன்றுமில்லை. ஏழு கிலோ மாட்டிறைச்சி, விருந்துக்கென்று பொறுக்கி எடுத்த நல்ல துண்டுகள், மேசைமேலேயே தங்கிவிட்டன.

அபராதத்தைத் தோரில்தான் கட்டினாள். கார் கிளம்பியதும் பாதி கேட்டாள்.

"தர மாட்டேன்," என்றாள் இங்குன்.

"பெட்ரோலுக்கு மட்டும் பாதி, அபராதத்துக்கு இல்லையா?"

"பெட்ரோலுக்கு ஒத்துக்கிட்டேன். திருட்டுக்கு ஒத்துக்கலை."

"யாருடி திருடி? காசு காசுன்னு எண்ணி எண்ணியே என் தம்பியைப் பாதியாக்கிட்டே நீ. ஒரு அப்பம் தின்ன விட மாட்டேங்கிறியாமே!"

ஆக, அப்பக் கதை அக்கா காதுவரை போயிருக்கிறது. மோஸ் வந்து சேர்ந்தார்கள். வீட்டு வாசலில் இறங்கும்போது இங்குன் பெட்ரோலுக்கான பணத்தைச் சில்லறையோடு எண்ணி இருக்கையில் வைத்தாள். தோரில் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுத்தாள்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுமைகூலியோடு வாய்ச்சண்டையும் சேர்ந்துகொண்டது. ஒரே காலையில் மாதப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு காலி. வீட்டில் பால் இல்லை, ரொட்டி இல்லை, ஒரு கேரட் இல்லை. எட்டு கிலோ இறைச்சி மட்டும் இருந்தது. அதிலும் கழுத்துத் துண்டுகள் இரண்டும் ஃப்ரீசர் இழுப்பறைக்குள் நுழையவில்லை. ஒன்றை மட்டும் எப்படியோ அறுத்து, மீனையும் பட்டாணியையும் வெளியே எடுத்து, உள்ளே திணித்தாள்.

"இன்னொண்ணை பால்கனில வெச்சா என்ன?" என்றான் எஸ்கில்.

"மே மாசம், எஸ்கில்."

"ராத்திரில குளிருதே."

அந்த வாரம் முழுக்க அவர்கள் வீட்டில் பன்றி வறுவல், பன்றிக் குழம்பு, ரொட்டிக்குமேல் ஆறிப்போன பன்றித் துண்டு. மதியம் அவள் டப்பாவைத் திறந்தால் எனக்கும் நாலு துண்டு வரும். பிள்ளைகள் வியாழக்கிழமை போர்க்கொடி தூக்கினார்கள். சின்னவன் பள்ளிக்கூடத்தில் தன் டப்பாவை நண்பனின் மீன்முட்டைப் பசை தடவிய ரொட்டிக்கு மாற்றிக்கொண்டான். வெளியே எடுத்துவைத்த மீனை இரண்டே நாளில் சமைத்துத் தீர்க்க வேண்டியிருந்ததால் அந்தச் சேமிப்பும் போனது. மே பதினேழு தேசிய நாளுக்கு ஐஸ்கிரீமும் சாசேஜும் வாங்கிய பிறகு கார்டில் ஆயிரத்து நூற்றுப் பத்து குரோனர்தான் மிச்சம். மாதம் முடிய இரண்டு வாரம்.

"அழணும்போல இருந்துச்சு. அழுதா அதுக்கும் ஒரு ரோல் காகிதம் செலவாகும்," என்றாள் என்னிடம்.

பத்தொன்பதாம் தேதி தோரில் போன் செய்தாள். இரண்டு வாரம் கழித்து முதல் பேச்சு. வணக்கம் கிடையாது, நலம் விசாரிப்பு கிடையாது.

"உன்கிட்ட இன்னும் அந்தக் கழுத்து இறைச்சி இருக்கா?"

"ரெண்டரைக் கிலோ இருக்கு. பேக்கனும் பிரிக்காம இருக்கு."

"எனக்கு விருந்துக்குப் பத்தலை. இங்க விலை தெரியும்ல உனக்கு, இன்னொரு ஏழு கிலோ வாங்கணும்னா நான் காரை விக்கணும்."

"தர்றேன். வாங்கின விலைக்கு."

"சொந்த நாத்தனாருக்கு விக்கிறியா?"

"எங்களுக்கு அது சும்மா சாப்பிடத்தானே. உனக்குத்தான் விருந்து."

தோரில் வந்தாள், பணத்தைக் கொடுத்தாள், இறைச்சியைத் தூக்கிக்கொண்டு போனாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

உறுதிப்பூசுதல் நன்றாகவே நடந்தது என்று இங்குனே ஒத்துக்கொண்டாள். யூனி தேசிய உடையில் அழகாக இருந்தாளாம். ஆனால் முப்பத்து நான்கு பேரில் பதினொரு பேருக்கு அந்த வாரம் வயிற்றுப்போக்கு. அவர்கள் வரவே இல்லை. வந்தவர்கள் கேக்கைப் பார்த்ததும் இறைச்சியை மறந்தார்கள். சாயங்காலம் மேசைகளில் மலைபோல் மிச்சம். தோரிலின் பெரிய ஃப்ரீசர் விருந்துக்குமுன் வாங்கிய பொருட்களால் ஏற்கெனவே நிரம்பி இருந்தது.

"எடுத்துட்டுப் போ," என்றாள் தோரில், இங்குனைப் பார்க்காமல், பெட்டிகளை அடுக்கியபடி. "குப்பையில போடறதுக்குப் பதிலா உனக்குக் குடுத்தா என்ன. காசு வேண்டாம், பயப்படாதே."

"பயமில்லை. ஆனா எனக்கு இது வேணாம்."

"உனக்கு வேணாம்னா புள்ளைங்களுக்கு. என் தம்பிக்கு."

எஸ்கில் அதற்குள் மூன்று பெட்டிகளைக் காருக்குள் வைத்துவிட்டான்.

அப்புறம் ஏழு நாள் அவர்கள் விருந்து மிச்சத்தையே சாப்பிட்டார்கள். உருளைக்கிழங்கு சாலட், சால்மன், மாட்டிறைச்சி, இங்குன் விற்ற அதே பன்றிக் கழுத்து, நான்கு வகைக் கேக். பாலுக்கும் ரொட்டிக்கும் மட்டுமே கார்டை எடுத்தாள். முப்பத்தொன்றாம் தேதி கணக்கில் இருநூற்று நாற்பது குரோனர் மிச்சம் இருந்தது. ஜனவரியிலிருந்து முதல்முறையாக ஒன்பதாயிரத்துக்குள் ஒரு மாதம் முடிந்தது.

எஸ்கில் அன்று மேசையில் சாய்ந்து உட்கார்ந்து சொன்னானாம்:

"பாத்தியா? நீ நாலு மாசம் எண்ணினே, நடக்கலை. தோரில் எண்ணவே இல்லை, நடந்துடுச்சு."

இங்குன் எழுந்து, கடைசிக் கேக் துண்டை அவன் தட்டிலிருந்து எடுத்துத் தன் டப்பாவில் போட்டு மூடினாள். மறுநாள் மதியம் எங்கள் இடைவேளையில் அதை இரண்டாக வெட்டி எனக்குப் பாதி கொடுத்தாள். க்ரீம் லேசாகப் புளித்திருந்தது. இருவரும் சாப்பிட்டு முடித்தோம்.