மதுஜா பேசாமலிருந்த பரீட்சை

மதுஜா காலை ஐந்தே காலுக்கு ‘ஃபங்கஸ், ஃபங்கை’ என்று உரக்கச் சொன்னபோது, குளியலறைச் சுவரில் இருந்த ஒற்றைப் பூஞ்சைப் புள்ளி நாற்பத்தொன்றானது. ஓஸ்டர்முண்டிகன் என்ற ஊரில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில் இது நடந்தது. முதல்நாள்தான் ‘கக்டஸ், கக்டை’ என்றதும் ஜன்னலோரக் கள்ளிச்செடி பதினேழாகியிருந்தது. தாய் ஜெயகௌரி ஒன்றை வைத்துக்கொண்டார். மற்றப் பதினாறைக் கோவிலுக்கு வந்தவர்களுக்குக் கொடுத்தார். ஆங்கிலத்தில் பொதுவாக வாலில் ஓர் எஸ் ஒட்டினால் பன்மை வந்துவிடும். லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் வந்த சொற்கள் பல பிறந்த வீட்டுப் பழக்கத்தை விடாதவை. ஒவ்வொன்றாகப் பாடமாக்க வேண்டும். ஆய்வுகூடத் தொழில் படிக்கும் மதுஜாவுக்கு அப்படி இருநூறு சொற்கள், அதுவும் வாய்மொழிப் பரீட்சை. சத்தம் போட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும் என்பது தகப்பன் தவராஜாவின் சட்டம். கீழ்வீட்டுக்காரர் மூன்று கடிதம் எழுதியும் அது மாறவில்லை.

அந்த மாதம் தவராஜாவின் சிறுநீரகத்தில் ஒரு கார்சினோமாவை, அதாவது புற்றுக் கட்டியைக் கண்டார்கள். ஒன்றுதான், வெட்டி எடுத்துவிடலாம். பலவென்றால் கத்தி வைத்துப் பயனில்லை என்றார் டாக்டர். மதுஜா பட்டியலைப் பார்த்தாள். நூற்றுப்பன்னிரண்டாவது சொல் அதுவேதான். அதன் பன்மையை இங்கே எழுதப்போவதில்லை. 

தவராஜா அறை வாசலில் வந்து நின்றார். “பிள்ளை, இனி மனசுக்குள்ளை படி.”

“சோதினையிலை வாயாலை சொல்லோணுமே, அப்பா?”



பரீட்சை செவ்வாய்க்கிழமை, சத்திரசிகிச்சை வியாழக்கிழமை. பாடமாக்கிய பட்டியல் ஒரு சொல்லைத் தொட்டால் வரிசையாகக் கொட்டிவிடும். அதனால் மதுஜா முதற்கேள்விக்கே உதட்டைக் கடித்துக்கொண்டாள். வகுப்பில் முதலாவதாக வருகிற பெண் இருபது நிமிடம் ஊமையாக இருப்பதைக் கண்ட ஆசிரியை தண்ணீர் கொண்டுவந்தார். மதுஜா குடித்தாள், பேசவில்லை.

வியாழக்கிழமை திறந்து பார்த்தபோது கட்டி ஒன்றே இருந்தது. எடுத்துவிட்டார்கள்.

பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு வந்தால் உலகமெங்குமுள்ள உறவுக்கு ஃபோன் போடுவது வழக்கம். தவராஜா தையல் பிரிக்காத வயிற்றோடு, கட்டிலில் இருந்தபடியே லண்டனிலிருந்த அக்காவுக்கும் டொரொண்டோவுக்கும் போட்டார். “புனிதவதி அக்கா, என்ரை பிள்ளை ஃபெயில்!” என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினார். அக்கா நம்பாமல் திருப்பிக் கேட்டார். “ஓம் அக்கா, ஒரு சொல்லும் சொல்லேல்லை. சுத்தமா ஃபெயில்!”