தடுப்பாளருக்கு ஞாபகம் வேண்டும்

ரெனீட்டா மேப்ரி பெண்கள் அமெரிக்கன் ஃபுட்பால் லீகில் ஆறு வருடம் ஆடியவள். எதிரணியில் பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக்; அவர் எறிவதற்குள், குறுக்கே நிற்கும் தடுப்பாளரைத் தாண்டிப் போய்க் குவார்ட்டர்பேக்கைச் சாய்ப்பதுதான் அவள் வேலை. முழங்கால் போன பிறகு ஆர்லாண்டோவில் ஒரு வீடியோ கேம் ஸ்டூடியோவில் டெஸ்டராகச் சேர்ந்தாள். அங்கேயும் அதே பாய்ச்சல்தான், கையில் கண்ட்ரோலரோடு.

அந்தத் திங்கட்கிழமை வந்த ஃபுட்பால் கேமின் புதிய பதிப்பில் நாற்பது முறை பாய்ந்தாள். தடுப்பாளரின் தோளுக்கு மேல் நீச்சலடிப்பதுபோல் கையை வீசி வெளிப்பக்கமாக நழுவும் ஒரே வித்தை. முப்பத்தெட்டு முறை குவார்ட்டர்பேக் மண்ணைக் கவ்வினார்.

"இது ஆட்டமே இல்ல. ஒரே பட்டனை அமுக்கிக்கிட்டே இருந்தா வாங்குறவன் ரெண்டே நாள்ல தூக்கிப் போட்டுருவான்" என்றாள்.

தலைமை வடிவமைப்பாளர் கிரேடி ஸ்டோவல் அசரவில்லை. "தடுப்பாளனுக்குக் கொஞ்சம் பலத்தை ஏத்துனா சரியாப் போயிடும்."

ஏற்றினார். மறுநாள் ஒருவராலும் உள்ளே நுழைய முடியவில்லை.

"பிரமாதம் கிரேடி! இப்ப குவார்ட்டர்பேக் நின்ன எடத்துலயே பார்பிக்யூ சாப்பிட்டு, கை கழுவி, அப்புறமா எறியலாம்."

"சரி தாயே, நீயே சொல்லு. என்ன பண்ணலாம்?"

"எந்திரிச்சு வாங்க."

நடைபாதையில் அவரை எதிரே நிறுத்தினாள். கிரேடி ஆள் மலை மாதிரி. முதல் முறை கையை வீசித் தாண்டினாள். இரண்டாம் முறையும் தாண்டினாள். மூன்றாம் முறை அவள் கை உயர்வதற்கு முன்பே மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"எப்படிப் புடிச்சீங்க?"

"அதேதான் வரும்னு தெரியுமே!"

"உங்க தடுப்பாளனுக்குத் தெரியலையே. அவனுக்கு வேண்டியது பலம் இல்ல, ஞாபகம்."

கிரேடி மணிக்கட்டை விட்டுவிட்டுத் தலையாட்டினார். பிறகு நிரல் எழுதும் வின் டாங்கைக் கூப்பிட்டார்.

ஒரே வித்தையைத் திரும்பத் திரும்பக் காட்டினால் அது பலிப்பது குறைய வேண்டும். ஆனால் அதை எதிர்பார்த்துத் தடுப்பாளர் வெளிப்பக்கம் சாய்ந்தால், உள்பக்கம் திறக்க வேண்டும். வின் அன்றைக்கே எழுதிக் கொடுத்தான். முதல் முயற்சி சொதப்பியது. ஆட்டம் முடிந்து புதிய ஆட்டம் தொடங்கியும் தடுப்பாளர்கள் பழையதை மறக்கவில்லை. ரெனீட்டாவின் முதல் அடியையே மறித்தார்கள்.

"டேய் வின், என் முன்னாள் புருஷன்கூட இவ்வளவு ஞாபகம் வச்சிருந்ததில்ல!"

இரண்டு நாள் திருத்தினார்கள். எத்தனை தடவைக்குப் பிறகு உஷாராக வேண்டும், எவ்வளவு சாய வேண்டும், எப்போது மறக்க வேண்டும் என்று எண்களை ஏற்றி இறக்கி, ஒவ்வொன்றுக்கும் அவள் நூறு முறை பாய்ந்து பார்த்தாள். எந்த எண் சரி என்பது அட்டவணையைப் பார்ப்பதற்கு முன்பே அவள் தோளுக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் எதிரணிக் குவார்ட்டர்பேக்கை ஆட்டக் கிரேடியே உட்கார்ந்தார். சுற்றிலும் கூட்டம். கடைசி நிமிடம்; ரெனீட்டா நாலு புள்ளி முன்னிலை. எறியும் ஒரு பந்து எல்லைக்கோட்டில் நிற்கும் ஆளிடம் போய்ச் சேர்ந்தால் கிரேடி ஜெயித்துவிடுவார். அவள் நீச்சல் வீச்சு வீசினாள், தடுப்பாளர் சமாளித்தார். அடுத்ததும் அதே வீச்சு, சுலபமாகத் தள்ளிவிட்டார்.

"உன் பருப்பு இனிமே வேகாது, ரெனீட்டா!" என்று கிரேடி சிரித்தார்.

கடைசித் தடவை. அவளுடைய ஆள் வெளிப்பக்கம் ஓரடி வைத்தான். தடுப்பாளர் எடையை அந்தப் பக்கம் கொண்டுபோனார். ஆள் சட்டென்று சுழன்று உள்ளே பாய்ந்தான். எறிவதற்காகப் பந்தோடு கையைப் பின்னால் கொண்டுபோன நிலையிலேயே குவார்ட்டர்பேக் சாய்ந்தார்.

கூட்டம் கூச்சல் போட்டது. கிரேடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேணும்னேதான் ரெண்டு தடவை தோத்தியா?"

"அவனை நம்ப வைக்கணும்ல?"

"கொஞ்சம் தள்ளிக்கோ. நான் பாயணும்."

ரெனீட்டா நாற்காலியை விட்டுக்கொடுத்தாள். பக்கத்து மேசையில் இருந்த சோதனைத் தாளில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எல்லோரும் சாப்பிடக் கிளம்பினார்கள். கிரேடி மட்டும் வரவில்லை; வின்னையும் விடவில்லை.

"வின், இன்னொரு தடவை போடு. இப்ப எனக்குப் புரிஞ்சிடுச்சு."