வேனில் கேட்ட சிரிப்பு

விருதுநகரில் நான் கல்லூரியில் படித்தபோது 'டிஜிட்டல் ஊடகமும் சொல்வன்மையும்' என்று ஒரு வகுப்பு இருந்தது. பார்ப்பவர் மனதை உருக்கும் ஒரு நிமிட வீடியோ எடுத்து வரச் சொன்னார்கள். என் பெஞ்சுத் தோழி பாண்டிச்செல்வி லீவு நாட்களில் ஏழாயிரம்பண்ணைக்குப் பட்டாசு வேலைக்குப் போவாள். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் சாயங்காலம் அவளும் கூட வேலை பார்க்கும் பெண்களும் வீடு திரும்பும் வேனில் ஏறிப் படம் பிடித்தேன்.

வேன் முழுக்க ஒரே சிரிப்பு. எனக்கு எரிச்சலாக வந்தது. அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டு சோக வயலினைப் போட்டேன். மருந்துப் பொடி ஒட்டி வெள்ளியாய் மின்னிய கைகளை மட்டும் மெதுவாக ஓடவிட்டேன். வகுப்பே கண்ணைத் துடைத்தது. முழு மதிப்பெண்.

பாண்டிச்செல்வி மட்டும் கேட்டாள்: "ஏட்டி அப்சானா, எங்க வேன்ல எவ செத்துப்போனா?"

பொறாமை என்று நினைத்து ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அவ்வளவு திமிர் எனக்கு.

இப்போது சிவகாசியில் பட்டாசு சீசனுக்கு விளம்பர வீடியோ செய்கிறேன். அந்த வகுப்பில் பக்கம் பக்கமாக எழுதிய நோட்டு எங்கே போனதோ தெரியாது. நேற்று பழைய மெமரி கார்டில் அந்த வேன் வீடியோ, வெட்டாமல், சத்தத்தோடு கிடைத்தது. முதல் நொடியிலேயே, அன்று நான் காதில் வாங்காத பாண்டிச்செல்வியின் குரல்:

"அக்காமாரே, அப்சானாவுக்கு மார்க்கு வேணுமாம். அலுப்பக் காட்டாம நல்லாச் சிரிங்க!"