கோழிதானே, விடுங்க

மண்சரிவு நடந்து பதினோராம் நாள்தான் சுகிர்தா மறுபடியும் கோழிக்கறி சமைத்தாள். அதுவரை கலகெதரப் பள்ளிக்கூடத்து முகாமில் பருப்பும் சோறும், நாள் விட்டு நாள் சோயா மீட்டும்தான் கிடைத்தன. மஹய்யாவையில் தங்கை சுதர்சினி வீட்டுப் பின்னறைக்குக் குடி வந்ததும், புருஷன் ரமேஸுக்கு நல்லதாக ஒரு வேளை ஆக்கிப் போட வேண்டும் என்று நினைத்தாள். ரம்பை இலையும் கறிவேப்பிலையும் தாளித்து, தேங்காய்ப் பால் விட்டு இறக்கினாள். ரமேஸ் தட்டைப் பார்த்தான். கறித்துண்டை விரலால் ஓரத்துக்கு ஒதுக்கினான்.

"எனக்கு வேணாம். பருப்ப மட்டும் ஊத்து."

உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று அவள் விட்டுவிட்டாள். நாலு நாள் கழித்துக் கருவாட்டையும் அவன் தொடவில்லை.

"என்னங்க, நேத்திக்கடன் ஏதும் வச்சிருக்கீங்களா? ரெண்டு தலமொறையா நாம சபைக்குப் போறோம், ஞாபகமிருக்கா?"

"நேத்தியெல்லாம் இல்ல. தொண்டையில எறங்கல சுகி."

இருபது வருடம் கோழி வளர்த்தவன் அவன். கலகெதரைக்கு மேலே மலைச்சரிவில் வீட்டை ஒட்டி இரண்டு கொட்டில்கள் போட்டு, ஆயிரத்து இருநூறு புரொயிலர் கோழிகள் வைத்திருந்தான். கிறிஸ்து பிறந்த நாளான ஒவ்வொரு நத்தாருக்கும் சபைச் சாப்பாட்டுக்கான கோழி அவன் வீட்டிலிருந்துதான் போகும். நவம்பர் கடைசியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. நாலாம் நாள் காலை ஆறரை மணிக்கு மேலே மலை வெடிக்கிற சத்தம் கேட்டது. இருவரும் போட்ட உடுப்போடு ஓடினார்கள். ரோட்டுக்கு ஏறுகிற இடத்தில் ரமேஸ் சட்டென்று நின்றான். கொட்டில் கதவுகள் வெளியே தாழ்ப்பாள் போட்டபடி இருந்தன. அவன் திரும்பி இரண்டடி வைத்தான். சுகிர்தா இரண்டு கையாலும் அவன் புஜத்தைப் பிடித்துத் தொங்கினாள்.

"கோழிதானே, விடுங்க!"

அவன் இழுத்தான். அவள் விடவில்லை. அடுத்த நிமிஷம் மலை வந்துவிட்டது.

வீடும் மேல் கொட்டிலும் அப்படியே மண்ணுக்குள் போயின. கீழ்க் கொட்டில் பாதி புதைந்து நின்றது. உள்ளே கோழிகள் கத்துகிற சத்தம் ரோட்டுக்குக் கேட்டது. மண் இன்னும் நகர்கிறது, யாரும் இறங்கக் கூடாது என்று ராணுவக்காரர்கள் கயிறு கட்டிவிட்டார்கள். சுகிர்தாவை முகாமுக்குக் கூட்டிப் போனார்கள். ரமேஸ் போகவில்லை. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, சாயங்காலம் அந்தச் சத்தம் நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தான் என்று பிறகு பக்கத்துப் பண்ணைக்கார மஹ்ரூப் அவளிடம் சொன்னார். அவருடைய கொட்டிலும் போய்விட்டிருந்தது.

கையைப் பிடித்து இழுத்ததைச் சுகிர்தா ஒருவரிடமும் சொல்லவில்லை. தங்கையிடம்கூட வாய் திறக்கவில்லை. ஆனால் ரமேஸ் கறியை ஒதுக்குகிற ஒவ்வொரு தடவையும், அவன் ஒதுக்குவது தன்னைத்தான் என்று அவளுக்குப் பட்டது. உயிரைக் காப்பாற்றினேன், அது குற்றமா என்று உள்ளுக்குள் குமுறினாள். குமுறல் வேறு வழியில் வெளிப்பட்டது. உப்பு கூடிப் போச்சு, துணி காயல்ல என்று எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தாள்.

டிசம்பர் நடுவில் ஒரு நாள் மத்தியானம் பாஸ்டர் தினுஷன் வீட்டுக்கு வந்தார். முப்பத்து மூன்று வயது. மண்சரிவு நடந்த மறுநாளே சேற்றில் நடந்து முகாமுக்கு வந்து, வயதானவர்களைத் தோளில் தூக்கியவர். கதிரையில் உட்கார்ந்ததும் சந்தோஷம் தாங்காமல் சொன்னார்.

"அண்ணே, ஒரு நல்ல சேதி. குண்டசாலையில நம்ம சபை ஆள் ஒருத்தரு தன்னோட வீட்டு வளவுல கொட்டில் போட எடம் தர்றாரு. முன்னூறு குஞ்சும் சபை வாங்கித் தருது. தை மாசமே ஆரம்பிச்சிரலாம்."

சுகிர்தாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ரமேஸ் தரையைப் பார்த்தபடி இருந்தான்.

"மன்னிச்சிருங்க பாஸ்டர். கொல்லக் குடுக்கணும்னு ஒரு உயிர வளக்க இனிமே என்னால ஆகாது. திங்கவும் முடியல."

பாஸ்டர் முகத்தில் சிரிப்பு மெல்ல அடங்கியது. பொறுமையாகத்தான் பேசினார். எல்லாம் சுத்தம் என்று பேதுருவுக்குத் தரிசனத்திலேயே காட்டப்பட்டதைச் சொன்னார். உயிர்த்தெழுந்த ஆண்டவரே சீஷர்களோடு மீன் சாப்பிட்டதைச் சொன்னார். ஜலப்பிரளயத்துக்குப் பிறகு நோவாவுக்கு இறைச்சி கொடுக்கப்பட்டதையும் விடவில்லை.

"எல்லாம் வேதத்துல இருக்கு பாஸ்டர். நான் இல்லங்கல. யாரையும் திங்க வேணாம்னும் சொல்லல," என்றான் ரமேஸ். "ஆனா ஒரு சிட்டுக்குருவி தரையில உழுந்தாலும் பிதாவுக்குத் தெரியாம உழாதுன்னு சொன்னவரும் அவருதானே? நான் ஒரு நாள் முழுக்க உக்காந்து கேட்டேன். அத்தனையும் அவருக்குத் தெரிஞ்சிதான் செத்திச்சி. எனக்குத்தான் இருவது வருசமா தெரியல."

"அதே எடத்துல, குருவிகளவிட நீங்க விசேஷமானவங்கன்னும் சொல்லியிருக்காரே அண்ணே."

"ஆமா. அதனாலதான் நான் தப்பிச்சேன்னு வச்சிக்குவோம். அப்படி விசேஷமானவன் மத்த உசிருங்ககிட்ட எப்பிடி நடந்துக்கணும்? அதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். பதில் வரல."

பாஸ்டர் ஜெபம் பண்ணிவிட்டு எழுந்து போனார். சுகிர்தா ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணீர் அப்படியே ஆறிக் கிடந்தது.

"வயித்துக்கு என்ன வழி?" என்று சுகிர்தா கத்தினாள். "கையில வந்தத தட்டி விடுறீங்க. ஊருல எல்லாரும் திங்கிறாங்க, கடவுள் அவங்கள என்ன செஞ்சிட்டாரு?"

"வேற வேல தேடுறேன் சுகி," என்று மட்டும் சொன்னான். குண்டசாலையில் செடிக் கன்று வளர்க்கும் ஒரு நாற்றுப் பண்ணைக்கு மறுநாளே பஸ் ஏறிப் போய் விசாரித்து வந்தான்.

நத்தாருக்கு முந்திய ஞாயிறு சபையில் நன்றி ஆராதனை வைத்தார்கள். மழையில் உயிர் தப்பியவர்களுக்காக. சாப்பாட்டுப் பொறுப்பு வழக்கம்போல் சுகிர்தாவுக்கு. மண்டபத்துக்குப் பின்னால் தகரக் கூரைக்குக் கீழே அடுப்பு மூட்டி, கடையில் வாங்கிய கோழியைக் கழுவினாள். முன்பெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டே செய்கிற வேலை. அன்றைக்குப் பாட வாய் வரவில்லை. ஒரு சின்னச் சட்டியில் ரமேஸுக்கென்று பலாக்காய்க் கறியும் வைத்தாள். ஏன் வைத்தாள் என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

கறி கொதிக்கும்போது ஒலிபெருக்கியில் பாஸ்டரின் பிரசங்கம் கேட்டது. சுதந்திரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "மரக்கறி மட்டும் சாப்பிடுறவன் விசுவாசத்துல பலவீனமானவன்னு பவுல் அப்போஸ்தலன் சொல்றாரு," என்றார். "நம்ம மத்தியிலயும் சிலர் பயத்துனால பழைய கட்டுக்குள்ள திரும்பிப் போறாங்க. கர்த்தர் குடுத்தத தள்ளுறாங்க." பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. வாசல் வழியாகப் பார்த்தபோது, நாலாம் வரிசையில் ரமேஸ் தலை குனிந்திருந்தான். முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பி அவனைப் பார்த்தார்கள்.

சுகிர்தா அகப்பையை வைத்துவிட்டு, மஞ்சள் படிந்த கையோடு மண்டபத்துக்குள் வந்து நின்றாள்.

"பாஸ்டர், அதே எடத்துல அடுத்தாப்புல ஒன்னு எழுதியிருக்கு. திங்கிறவன் திங்காதவன இளக்காரமா நினைக்கக் கூடாதுன்னு."

அவள் இதுவரை சபையில் சாட்சி சொல்லக்கூட எழுந்து நின்றதில்லை.

"இவரு பயத்துல விடல. கதவத் தொறந்து விடத் திரும்பினாரு. நான்தான் கையப் புடிச்சி இழுத்தேன். கோழிதானே, விடுங்கன்னேன். இவரு உசிரு தப்பிச்சிச்சி. ஆனா அதுக கத்துனத இவரு சாயங்காலம் வரைக்கும் கேட்டுக்கிட்டு இருந்தாரு. நான் கேக்கல. நீங்களும் கேக்கல. பலவீனம்னு யாரச் சொல்றீங்க?"

பாஸ்டர் வேதப் புத்தகத்தை மூடினார். "எனக்கு இது தெரியாது," என்றார். பிறகு மேடையிலிருந்து இறங்கி வந்து, "தெரியாமலே பேசிட்டேன் அண்ணே. கேட்டிருக்கணும்," என்று ரமேஸின் முன்னால் நின்றார். ரமேஸ் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் தயங்கித் தயங்கி உட்கார்ந்திருந்தார்கள். கோழியைப் பரிமாறுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. ரமேஸ்தான் எழுந்து போய்க் கறி வாளியைத் தூக்கினான். வரிசை வரிசையாகப் போய், பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் தன் கையால் பரிமாறினான். "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று பாஸ்டரிடமும் கேட்டான். அவர் தட்டை நீட்டி வாங்கிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. கடைசியில் ரமேஸ் சோற்றையும் பலாக்காயையும் போட்டுக்கொண்டு சுகிர்தாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில்தான் அவள் கேட்டாள்.

"ஒங்களுக்கு என் மேல கோவம்தானே?"

அவன் நின்றுவிட்டான். "ஒன் மேலயா? நீ புடிக்காட்டி நானும் உள்ளதான் கெடப்பேன். நீ செஞ்சது சரி சுகி. என்னிக்கும் சரிதான்."

"பொறவு ஏன் இப்பிடி?"

"கோழிதானேன்னு நீ ஒரு தடவ சொன்ன. நான் இருவது வருசமா ஒவ்வொரு நாளும் சொல்லிக்கிட்டு இருந்தேன். அதத்தான் இனிமே சொல்ல முடியல."

சுகிர்தா ரோட்டோரத்திலேயே அழுதாள். முச்சக்கர வண்டிகள் ஹோன் அடித்துக்கொண்டு போயின. அவன் பக்கத்திலேயே நின்றான்.

முன்னூறு குஞ்சுகளும் மஹ்ரூபுக்குப் போயின. சபை யோசித்துத்தான் கொடுத்தது, கேட்டவன் ரமேஸ். "ஒங்களுக்கு ஒத்துக்காதத எனக்குத் தர்றீங்களே, மனசு உறுத்தலியா?" என்று மஹ்ரூப் கேட்டபோது, "உறுத்துது மஹ்ரூப் நானா. ஆனா ஒங்க புள்ளைகளும் பசியில இருக்கே," என்றான். இரண்டும் உண்மைதான். எது பெரியது என்று அவனுக்கு இன்னும் தெளிவாகவில்லை.

நாற்றுப் பண்ணையில் அவனுக்கு வேலை கிடைத்தது. சுகிர்தா இறைச்சியை விடவில்லை. விடட்டுமா என்று ஒரு நாள் அவளே கேட்டாள். "எனக்காக விடாத. ஒன் தட்டுக்கு நீதான் ஜெபம் பண்ணணும்," என்றான்.

தை மாதம் ஒரு ஞாயிறு அவள் கோழி வாங்கிச் சமைத்தாள். அவனுக்குக் கத்தரிக்காயும் பருப்பும். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அன்று ஜெபம் சொல்வது அவளுடைய முறை. சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லி வந்த வரிகளைச் சொல்லி முடித்தவள், ஆமென் சொல்லாமல் கண்ணை மூடியபடியே இருந்தாள்.

"இதுக்காகச் செத்ததும் ஒமக்குத் தெரியும் ஆண்டவரே," என்றாள்.

ரமேஸ் ஆமென் சொன்னான். அவள் வெகுநேரம் தட்டில் கை வைக்கவில்லை. பிறகு மெதுவாகச் சாப்பிட்டாள். ஒரு துண்டையும் மிச்சம் வைக்கவில்லை.