ஆறு ரிமோட்டுக்குப் பதில் ஒன்று

ரோமுலோவின் ஆறு ரிமோட்டுகளும் ஒரு செருப்புப் பெட்டிக்குள் படுத்திருந்தன. ஊரே செருப்புத் தைக்கும் மரிகினாவில் செருப்புப் பெட்டிக்கா பஞ்சம்? ஒவ்வொரு ரிமோட்டும் தடித்த பிளாஸ்டிக் உறை போட்டு, ஓரமெல்லாம் டேப் ஒட்டி, கண்ணாடிப் பேழைக்குள் வைத்த புனிதர் சிலை மாதிரி இருக்கும். புது ரிமோட் வந்தால் அதற்குச் சட்டை போடுவதுதான் அந்த வீட்டில் முதல் வேலை. அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் அப்படித்தான்.

ஒன்று திரையை இறக்க. ஒன்று புரொஜெக்டருக்கு. ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்று, டிஸ்க் பிளேயருக்கு ஒன்று, கேபிள் பெட்டிக்கு ஒன்று, ஏ.சி.க்கு ஒன்று. எதை எப்போது அமுக்க வேண்டும் என்று பதினொரு வரி எழுதி, கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தான் ரோமுலோ. அவன் சரக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியன். ஒன்பது மாதம் கடலில், மூன்று மாதம் வீட்டில். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் ஒரு சாமான் வாங்கி, பின்னறையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சினிமாக் கொட்டகை ஆக்கியிருந்தான்.

ஆனால் அவன் இல்லாதபோது அந்த அறை செத்துப்போகும்.

போன தடவை அவன் மனைவி பெர்லா முயன்று பார்த்தாள். நாலாவது வரி: புரொஜெக்டரின் பவர் பட்டனை அமுக்கவும். அமுக்கினாள். அது விழித்துக்கொள்ள அரை நிமிடம் ஆகும் என்று வரியில் எழுதியிருக்கவில்லை. பட்டன் சரியாகப் பதியவில்லையோ என்று இன்னொரு தரம் அமுக்கினாள். விழிக்கப்போன புரொஜெக்டர் மறுபடி படுத்துக்கொண்டது. 'சூட்டோட அணைச்சு அணைச்சுப் போட்டா பல்பு போயிடும்' என்று ரோமுலோ முன்பே பயமுறுத்தி வைத்திருந்தான். அவள் கையை எடுத்துக்கொண்டாள், அறையைப் பூட்டினாள், ஒன்பது மாதம் திறக்கவேயில்லை. அவன் வந்து திறந்தபோது ஸ்பீக்கர் துணியில் பச்சைப் பூஞ்சை. மூன்று நாள் துடைத்துக்கொண்டிருந்தான்.

வருகிற வியாழன் அவன் மறுபடி கிளம்ப வேண்டும்.

"ரோமி, ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ" என்றாள் பெர்லா, ஞாயிற்றுக்கிழமை சோற்றைப் பரிமாறிக்கொண்டே. "இந்தத் தடவை நான் தனியா அந்த ரூமைத் தொறந்து படம் பாக்கணும். முடியலன்னா நீ போன மறுநாளே எல்லாத்தையும் வித்துடுவேன். ஒருத்தனுக்கு மட்டும் தொறக்குற ரூம் எனக்கு வேணாம். அது உன் இன்ஜின் ரூம், என் வீடில்ல."

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

மறுநாள் இருவரும் ஆறுக்கும் சேர்த்து ஒரே ரிமோட் தேடி ராவோன் தெருவுக்குப் போனார்கள். கம்பியும் ஸ்பீக்கரும் பாட்டு மிஷினும் வாசலுக்கு வாசல் குவிந்து கிடக்க, ஒரு கடையின் சத்தத்தை அடுத்த கடை விழுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த கியாப்போ கோயில் மணி அடித்ததா இல்லையா என்றே தெரியவில்லை. இரண்டாம் மாடியில் ஜோவலின் என்ற பெண்ணின் கடை. முப்பது வயசு இருக்கலாம். காதில் பென்சில்.

ரோமுலோ பெரிய சிலேட்டு அளவு தொடுதிரை ரிமோட் ஒன்றை எடுத்தான்; இரண்டு கைகளாலும் பிடித்தான். ஒரு பக்கத்தில் நாற்பது பட்டன், அப்படிப் பதினாறு பக்கம். அவன் கண்கள் விரிந்ததைப் பெர்லா பார்த்தாள்.

"இதுதான். கப்பல்ல கன்ட்ரோல் பேனல் இப்படித்தான் இருக்கும்."

"யாருண்ணே யூஸ் பண்ணப் போறது?" என்றாள் ஜோவலின்.

"நான்தான்."

"நீ பிரேசில்ல இருந்து அமுக்குவியா?" என்றாள் பெர்லா.

பக்கத்துக் கடைக்காரன் சிரித்துவிட்டான். ஜோவலின் சிரிக்கவில்லை. கடையின் விளக்கை அணைத்து, ஷட்டரைப் பாதி இறக்கினாள். "அக்கா, அந்தப் பெருசக் கையில வாங்கிக்கோங்க. என் மூஞ்சியவே பாருங்க. கீழ பாக்காம சத்தத்தக் கொறைங்க."

பெர்லாவின் விரல் வழவழப்பான கண்ணாடியில் அலைந்தது. அங்கே எல்லா இடமும் ஒரே இடம்தான். ஜோவலின் வேறொன்றைக் கையில் கொடுத்தாள். உள்ளங்கை அளவு, மேல்பாதி தொடுதிரை, கீழ்ப்பாதியில் புடைத்த பட்டன்கள் எட்டு. பெர்லாவின் கட்டைவிரல் அதன்பாட்டுக்கு ஒரு மேட்டைக் கண்டுபிடித்து அமுக்கியது.

"படம் ஓடும்போது கண்ணு திரையில இருக்கும். அப்ப விரலுக்குத் தனியா ஒரு கண்ணு வேணும். அதுதான் இந்த மேடு. எதப் பாக்கணும்னு தேடுறப்பதான் கண்ணாடி."

"சின்னதா இருக்கே" என்றான் ரோமுலோ, விட மனசில்லாமல்.

"கை சின்னதுதானேண்ணே."

பிறகு அவள் செய்ததைத்தான் பெர்லா வீடு திரும்பும் வரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஜோவலின் தன் போனில் முன்பக்க கேமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கை அதற்கு நேராகப் பிடித்தாள். "வெறும் கண்ணால மூக்கப் பாருங்க. ஏதாச்சும் தெரியுதா? சரி, இப்ப போன்ல பாருங்க." பட்டனை அமுக்கினாள். போன் திரையில், ரிமோட்டின் கறுப்பு மூக்குக்குள், ஊதா கலந்த வெள்ளை மணி ஒன்று படபடவென்று துடித்தது. பெர்லா போனை விட்டுக் கண்ணை எடுத்து ரிமோட்டைப் பார்த்தாள். கறுப்பு. போனைப் பார்த்தாள். துடிப்பு.

"இத்தன வருஷமா வீட்ல இது எரிஞ்சிட்டிருந்துச்சா?"

"ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும். நம்ம கண்ணுக்கு எட்டாத வெளிச்சம். கேமராவுக்கு எட்டும். ஒவ்வொரு பட்டனுக்கும் துடிப்புல ஒரு தாளம். ஒண்ணு நெட்டை, ரெண்டு குட்டை, மறுபடி நெட்டைன்னு போகும். மிஷின் அந்தத் தாளத்தக் கேட்டுத்தான் வேலை செய்யும்."

அவர்கள் கையோடு கொண்டுவந்திருந்த பழைய ரிமோட் ஒன்றையும் புதியதையும் மேசைமேல் மூக்கோடு மூக்கு வைத்தாள். பழையதில் ஒரு பட்டனை அமுக்கினாள். புதியதன் திரையில் சின்னதாக ஒரு டிக் விழுந்தது. அவ்வளவுதான்; தாளத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது.

"ஒரே பட்டன்தானே போட்டு அணைக்குது?" என்றாள் பெர்லா. அவளுடைய பயம் அங்கேதான் இருந்தது. "அது தூங்குதா முழிச்சிருக்கான்னு இதுக்கு எப்படித் தெரியும்?"

ஜோவலின் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தாள். நல்ல கேள்விக்கு அவள் தரும் மரியாதை போலிருக்கிறது அது. "தெரியாதுக்கா. ரிமோட்டுக்கு வாய் மட்டும்தான், காது கெடையாது. ஆனா உங்க புரொஜெக்டருக்கு இன்னும் ரெண்டு தாளம் புரியும். ஒண்ணு, 'எந்திரி'. இன்னொண்ணு, 'படு'. தனித்தனி. ஏற்கெனவே முழிச்சிருக்குறதுகிட்ட 'எந்திரி'ன்னா சும்மா இருக்கும்."

"அப்படி பட்டன் எங்க ரிமோட்ல இல்லையே?"

"இல்ல. செஞ்சவங்க மிஷினுக்குச் சொல்லிக் குடுத்துட்டாங்க, ரிமோட்ல பட்டன் வைக்கல. இந்தப் புதுசோட பட்டியல்ல அந்தத் தாளம் இருக்கு."

பத்து வருஷமாக வீட்டில் தொங்கும் மிஷினுக்கு, யாரும் அதனிடம் ஒருமுறைகூடச் சொல்லாத ஒரு வார்த்தை தெரிந்திருக்கிறது. பெர்லாவுக்கு உடம்பு சிலிர்த்தது.

சின்னதையே வாங்கினார்கள்.

செவ்வாயும் புதனும் ரோமுலோ தரையில் உட்கார்ந்து அதற்குப் பாடம் சொன்னான். எலக்ட்ரீஷியன் அல்லவா, அந்த வேலையில் இறங்கியதும் பெரிய சிலேட்டை மறந்துபோனான். எல்லாத் தாளத்தையும் ஒரே மூச்சில் கொட்டினால் பயனில்லை. ஆம்ப்ளிஃபயர் விழிக்க நாலு நொடி வேண்டும், அதற்குள் சொல்வதெல்லாம் காற்றோடு போகும். அதனால் 'ஆம்ப் எந்திரி, நாலு நொடி பொறு, அப்புறம் டிஸ்க் பக்கம் திரும்பு' என்று பொறுமையையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தான். பதினொரு வரிகளும் 'படம்' என்ற ஒற்றைச் சதுரத்துக்குள் போய்விட்டன.

புதன் மாலை, புரொஜெக்டர் எரிந்துகொண்டிருக்கும்போதே அவளை மறுபடி 'படம்' சதுரத்தைத் தொடச் சொன்னான். தொட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. விளக்கு அணையவில்லை, ஒரு சிமிட்டல்கூட இல்லை. ஒன்றும் நடக்காததையே இருவரும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வியாழன் விடியும்போது வேன் வந்துவிட்டது. அவள் காபி போட்டு முடிப்பதற்குள் ரோமுலோ அறைக்கும் வாசலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தான். "எல்லாம் பத்திரமா வச்சிருக்கேன், பயப்படாதே" என்று கன்னத்தில் முத்தம் கொடுத்துப் போனான். சனிக்கிழமைக்குள் கப்பல் ஏறி, கடலுக்குள் போய்விட்டான். கடலில் அவன் போனுக்கு நாலைந்து நாள் சிக்னல் இருக்காது.

சனிக்கிழமை மத்தியானம், கோயிலில் பாட்டுப் பயிற்சி முடிந்து, பாட்டுக் குழுப் பெண்கள் ஐந்து பேரைக் கூட்டிவந்தாள் பெர்லா. சர்க்கரை பூசிப் பொரித்த வாழைப்பழச் சுருளைத் தட்டோடு நெனிட்டா ஏந்தி வந்தாள். குழுவிலேயே பெரிய குரல் அவளுக்கு, பாட்டிலும் பேச்சிலும்.

"பெர்லா வீட்டு சினிமாக் கொட்டகை! இதுவரைக்கும் கதவத்தான் பாத்திருக்கோம். கதவே நல்லாத்தான் இருந்துச்சு."

"உக்காருங்கக்கா. இன்னிக்கு உள்ள இருந்து பாப்பீங்க."

ரிமோட் புரொஜெக்டருக்குக் கீழே அலமாரியில் இருந்தது. நோட்டுப் புத்தகத்துக்குப் போடும் தடித்த பிளாஸ்டிக்கை இரண்டு சுற்று சுற்றி, நாலு பக்கமும் டேப் ஒட்டி, அழகாகச் சட்டை போட்டிருந்தான் ரோமுலோ. கிளம்பும் அவசரத்திலும் அதை மறக்கவில்லை. பெர்லாவுக்கு நெஞ்சு இளகியது.

'படம்' சதுரத்தைத் தொட்டாள். ஒன்றுமில்லை. அழுத்தித் தொட்டாள். தேய்த்தாள். திரை இறங்கவில்லை, எதுவும் விழிக்கவில்லை.

"மறுபடி கதவுதானா?" என்றாள் நெனிட்டா, சுருளைக் கடித்தபடி.

பெர்லாவின் காது சூடானது. ஒன்பது மாதமும் பச்சைப் பூஞ்சையும் 'வித்துடுவேன்' என்று தான் சொன்னதும் வரிசையாக வந்து நின்றன. பூட்டிவிடலாம். ஆனால் அந்தத் துடிக்கும் மணி நினைவுக்கு வந்தது. போனை எடுத்து, முன்பக்க கேமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். 'படம்' சதுரத்தைத் தொட்டாள். கறுப்பு. துடிப்பே இல்லை.

அப்படியென்றால் மிஷின்கள்மேல் குற்றமில்லை. இதுதான் பேசவில்லை. பேட்டரி போய்விட்டதா? கட்டைவிரல் மேட்டைத் தேடி, சத்தம் கூட்டும் பட்டனை அமுக்கியது. போனில் ஊதா மணி படபடத்தது.

உயிர் இருக்கிறது. வாயும் திறக்கிறது, பிளாஸ்டிக்கைத் தாண்டி வெளிச்சமும் வருகிறது. பட்டனை அமுக்கினால் கேட்கிற ரிமோட்டுக்கு, கண்ணாடியைத் தொட்டால் மட்டும் ஏன் கேட்கவில்லை? பட்டனுக்கு உறைக்குமேல் அழுத்தினாலும் போதும். கண்ணாடிக்கு அழுத்தம் வேண்டாம். விரல் வந்திருக்கிறது என்பது அதற்குத் தெரிய வேண்டும். இரண்டு சுற்று பிளாஸ்டிக்கும் நடுவில் கொஞ்சம் காற்றும் இருந்தால், விரல் அதற்குப் பக்கத்துத் தெருவில் நிற்கிற மாதிரி. இத்தனை வருஷமும் எந்த ரிமோட்டுக்கும் சட்டையால் கெடுதல் வந்ததில்லை. இது வேறு ஜாதி.

"யாராச்சும் கத்தரி குடுங்க."

"ஐயோ, உறையக் கிழிக்கப் போறியா? புதுசுடி!" என்று பதறினாள் நெனிட்டா. "உன் புருஷன் வந்தா என்ன சொல்வான்?"

"வரட்டும்க்கா, ஒம்போது மாசம் இருக்கு."

டேப்பை வெட்டி, ஒரு சுற்று, இன்னொரு சுற்று உரித்தாள். அந்த வீட்டிலேயே முதன்முதலாக ஒரு ரிமோட் சட்டையில்லாமல் வெளியே வந்தது. தட்டிலிருந்து சர்க்கரைப் பிசுக்கோடு நீண்ட கைகளையெல்லாம் தள்ளிவிட்டு, தன் விரலைப் பாவாடையில் துடைத்து, 'படம்' சதுரத்தை லேசாகத் தொட்டாள்.

மேலே மோட்டார் முனகியது. வெள்ளைத் திரை தானாக இறங்கத் தொடங்கியது. ஏ.சி. மூச்சு விட்டது. ஆம்ப்ளிஃபயரில் நீல விளக்கு வந்தது. ரிமோட் நாலு நொடி பொறுத்தது. பெர்லாவும் மூச்சைப் பிடித்துப் பொறுத்தாள். ஸ்பீக்கர்கள் தொண்டையைச் செருமின. புரொஜெக்டரிடமிருந்து மங்கலாக, பிறகு தெளிவாக ஒரு பெரிய வெளிச்சம் திரை முழுக்கப் படர்ந்தது. யாரும் வாழைப்பழச் சுருளைத் தொடவில்லை.

பெர்லா மறுபடியும் அதே சதுரத்தைத் தொட்டாள், வேண்டுமென்றே. வெளிச்சம் அப்படியே நின்றது.

"என்னடி பண்ணுன?"

"எந்திரின்னேன். அதான் முழிச்சிருக்கேனே, அப்படின்னுடுச்சு."

"எதாலடி சொன்ன? ஒண்ணும் தெரியலியே."

பெர்லா போனை நெனிட்டாவின் கையில் கொடுத்து, ரிமோட்டை அதற்கு முன்னால் நீட்டினாள். நெனிட்டா பார்த்தாள். போனை இறக்கிவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தாள். மறுபடி போனில் பார்த்தாள். 

படம் ஆரம்பித்துவிட்டது. திரையில் யாரோ குதிரையில் ஓடினார்கள். ஆறு பெண்களும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு சின்னப் போனுக்குள் துடிக்கும் ஊதா மணியைச் சுற்றித் தலையோடு தலை முட்டி நின்றார்கள்.

"இன்னொரு தடவை அமுக்கு பெர்லா" என்றாள் நெனிட்டா, கோயிலுக்குள் பேசுகிற குரலில்.