ஐந்து பொத்தான்களும் திறக்காது

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து பிறந்தது. சிரித்தது நான். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்துவிட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எழுதிக் கிழித்த தொடக்கங்களில் எல்லாம் அதை நைசாக விட்டுவிட்டேன்.

முதல் தொடக்கம்: "பனியன் துணிக்கும் மனித மனத்துக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டுமே..." (வேண்டாம். துணி துணிதான்.)

இரண்டாவது: "கணக்கு வாத்தியார் ஒருவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அவருடைய தம்பி மிகுந்த வேதனையுடன்..."

அந்தத் தம்பி நான்தான். வேதனை இருந்தது, பொய்யில்லை. "மிகுந்த" என்று எழுதியதும்தான் பேனா நின்றுவிட்டது.

2

இப்போது மணி ஏழு பத்து. அண்ணன் அறைக் கதவு மூடியிருக்கிறது. வெளியே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அண்ணி, மடியில் கத்தரிக்கோல். இன்னொன்றில் நான், மடியில் நோட்டு. கை சும்மா இருந்தால் கதவைத் தட்டிவிடும் என்று பயந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏழே முக்காலுக்குத் தெருமுனையில் பள்ளி வேன் வரும்.

ஏழு மாதத்துக்கு முன்பு அண்ணன் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "எவன் தயவும் இல்லாம என் சட்டைய நானே என்னிக்கு மாட்டுறேனோ, அன்னிக்குத்தான் ஸ்கூலுக்குப் போவேன்."

பொத்தான் சட்டை ஒற்றைக் கைக்கு அடங்கவில்லை. கடையில் வாங்கிய டி-ஷர்ட்டைத் தூக்கி எறிந்தார். "பனியனோட போய் நின்னா பசங்க மதிப்பானுங்களா?" அதுவரை தலையணை உறை தவிர வேறெதுவும் தைக்காத அண்ணி, பனியன் துணியிலேயே காலர் வைத்த சட்டை தைக்கக் கிளம்பினார்.

(அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டியது: பனியன் துணி குறுக்கே நன்றாக இழுபடும், நெடுக்கே அவ்வளவாக இழுபடாது. சாதாரண ஊசி போட்டால் துணியில் ஓட்டை விழும். நேர்த்தையல் போட்டால் தலை நுழையும்போது நூல் படபடவென்று அறுந்துவிடும், வளைந்து வளைந்து போகும் தையல்தான் போட வேண்டும். தைக்கும்போது நாமாக இழுக்கவே கூடாது. எல்லாம் அண்ணி கெட்டுக் கெட்டுத் தெரிந்துகொண்டவை.)

3

அண்ணன் வாழ்நாள் முழுக்க நெட்டுக்கோடு போட்ட சட்டைதான் போட்டார். பனியன் துணியில் கோடு குறுக்கே ஓடியது. அவருக்குப் பிடிக்கட்டுமே என்று அண்ணி துணியைத் திருப்பிப் போட்டு வெட்டினார். கோடு நிமிர்ந்துவிட்டது. ஆனால் அகலத்தில் விரிய வேண்டிய துணி இப்போது நீளத்தில்தான் விரியும். ஆசையால் வந்த தப்பு.

விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், பிறகு தலை, கடைசியில் நல்ல கை. பயிற்சி கொடுக்க வந்தவர் சொன்ன வரிசை அது. கை போனது. தலை பாதி போனது. நல்ல கை நடுவழியில் மாட்டிக்கொண்டது. தலை இருக்க வேண்டிய இடத்தில் காலர் மட்டும் நின்றது, அதற்குள்ளிருந்து மூக்கு நுனி எட்டிப் பார்த்தது. அண்ணன் உதவி கேட்கவில்லை. அப்படியே அறைக்குள் இரண்டு சுற்று சுற்றினார்.

சிரித்துவிட்டேன்.

"யாரு சிரிக்கிறது?" என்றது சட்டை.

நான் அண்ணியைப் பார்த்தேன்.

"நான்தாங்க" என்றார் அண்ணி.

அவர் சிரிக்கவே இல்லை. கத்தரிக்கோலால் சட்டையைத் தோளிலிருந்து நறுக்கி அண்ணனை வெளியே எடுத்தார். நாலு நாள் அண்ணன் அண்ணியோடு பேசவில்லை. அந்த நாலு நாளும் நான் வாயைத் திறந்தது சாப்பிட மட்டும்தான்.

4

அண்ணியின் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. இவ்வளவு நல்லவரை வாசகர்கள் நம்புவார்களா? ஒரு குறையாவது சேர்க்கலாம் என்று யோசித்தபோது அவரே நோட்டை எட்டிப் பார்த்தார்.

"ஏன் அண்ணி, அன்னிக்குப் பழிய நீங்க வாங்கிக்கிட்டீங்க?"

"நான்னா நாலு நாள்ல சரியாயிடும் தம்பி. நீங்கன்னா அவருக்கு ஆறாது. தம்பி முன்னாடி கௌரவம் பாக்குற ஆளு." பிறகு சொன்னார்: "என்னை ரொம்ப நல்லவள்னு எல்லாம் எழுதி வைக்காதீங்க. அந்த நாலு நாளும் உங்க காப்பியில சர்க்கரை போடல. கவனிச்சீங்களா?"

கவனித்தேன். வீட்டில் சர்க்கரை தீர்ந்துவிட்டது போல என்று நினைத்தேன்.

5

இரண்டாவது சட்டை நேற்று முடிந்தது. இந்த முறை துணியை அதன் போக்கிலேயே வெட்டியிருந்தார்.

"கோடு படுத்துக்கிட்டு இருக்கே" என்றார் அண்ணன்.

"படுத்திருந்தாதான் விரியும்."

முன்பக்கம் வரிசையாக ஐந்து பொத்தான்கள். எதுவும் திறக்காது, பட்டியோடு சேர்த்துத் தைத்தவை. அண்ணன் இடது கை விரலால் ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"பசங்களுக்கு."

இன்று காலை அண்ணன் சட்டையை எடுத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் வெளியில இருங்க" என்று கதவைச் சாத்தினார்.

6

முடிவு அ: கதவு திறக்கிறது. அண்ணன் காலரை நீவியபடி கம்பீரமாக... (சினிமா.)

முடிவு ஆ: "கொஞ்சம் வாயேன்" என்று அண்ணியைக் கூப்பிடுகிறார். உதவி கேட்பதும் ஒரு வெற்றிதான் என்று நான்... (கேட்டவருக்கு அது வெற்றியாக இருக்காது. அடித்துவிட்டேன்.)

முடிவு இ எழுதுவதற்குள் அண்ணி நோட்டின் மேல் கையை வைத்தார்.

"கதையிலகூட நீங்க கதவத் தொறந்துடாதீங்க தம்பி. அது அவரு தொறக்கணும்."

7

ஏழு முப்பத்தெட்டு. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு சத்தமே இல்லை. அண்ணியின் கை கத்தரிக்கோலை இறுகப் பிடித்தது. எனக்குப் பொறுக்கவில்லை. கதவருகே போய் நின்றேன். தட்டவில்லை.

"அண்ணா, அன்னிக்குச் சிரிச்சது நான்தான். அண்ணி இல்ல."

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தெரியும்டா. இத்தனை வருஷத்துல அவ சிரிப்பு எனக்குத் தெரியாதா? உனக்காக எங்கிட்ட பொய் சொன்னாளேன்னுதான் நாலு நாள் பேசல."

அதற்குப் பிறகு உள்ளே ஒரு சிரிப்பு. ஏழு மாதத்தில் முதல் சிரிப்பு. அது காலருக்கு மேலே தலை வந்துவிட்ட மனிதரின் சிரிப்பா, மறுபடியும் துணிக்குள் மாட்டிக்கொண்டவரின் சிரிப்பா? கதவு கனமானது, எனக்குத் தெரியவில்லை. அண்ணிக்குத் தெரிந்திருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கத்தரிக்கோலோடு எழுந்து நிற்கிறார். ஒரு பக்கம் கதவு, இன்னொரு பக்கம் கத்தரிக்கோலை வைக்கும் தையல் மெஷின் இழுப்பறை. தெருமுனையில் ஹார்ன் கேட்கிறது.

வேனை நிறுத்தி வைக்க நான் ஓட வேண்டும். அதனால் என் நாற்காலியில் இனி நீங்கள் உட்காருங்கள். அண்ணி எந்தப் பக்கம் போகிறார் என்று நீங்களே பாருங்கள். கதவை மட்டும் தட்டாதீர்கள். சிரிப்பு வந்துவிட்டால், சிரித்தது நீங்கள்தான் என்று உடனே சொல்லிவிடுங்கள்.